நீர்க்கடுப்பா? மாத்திரைக்கு முன் யூரின் டெஸ்ட்

சிறுநீர் போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்ததுமே மறுபடி முட்டுகிறது என்றால் பெரும்பாலும் அது சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்று. பெண்களுக்கு இது அதிகம். அவர்களின் சிறுநீர்த் தாரை (பையிலிருந்து சிறுநீர் வெளியே வரும் குழாய்) சுமார் 4 செ.மீ. நீளம்தான்; ஆண்களுக்கு 20 செ.மீ. வரை இருக்கும். குடலில் வாழும் ஈ.கோலை கிருமி அந்தக் குட்டை வழியில் சுலபமாக ஏறிவிடுகிறது.

டாக்டர் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எழுதினால், ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுங்கள். சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் லேப் தந்த டப்பாவில் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறம் விரல் படக்கூடாது. வீட்டில் கழுவி எடுத்துப்போகும் பாட்டில் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள கிருமியும் ரிப்போர்ட்டில் வந்துவிடும். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சிறுநீரகங்கள் முதுகுப்பக்கம், கடைசி விலா எலும்பை ஒட்டி இருக்கின்றன. அங்கே வலியும் குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தால் தொற்று மேலே ஏறியிருக்கலாம். பார்லித் தண்ணீர் குடித்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலைக்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.