மணி அடிக்கிறது, குரல் வரவில்லை: ஆஸ்டரிஸ்க் சர்வரில் போர்ட் திறப்பவர்கள் செய்யும் தவறுகள்

சர்வரை அலுவலகத் தொலைபேசி இணைப்பகமாக மாற்றும் மென்பொருளான ஆஸ்டரிஸ்க் நிறுவியாகிவிட்டது. எக்ஸ்டென்ஷன் (உள் தொலைபேசி எண்) பதிவாகிறது, மணி அடிக்கிறது, எதிர்முனையில் எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் "ஹலோ, ஹலோ" என்று கத்த, மற்றவர் காதில் ஒன்றுமே விழுவதில்லை. இந்தப் புகாரின் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரே தவறுதான்: வேண்டாத போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வாலில் 5060 என்ற போர்ட்டை (நுழைவாயில் எண்ணை) மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போயிருப்பார்கள்.

5060 வழியாகப் போவது எஸ்ஐபி, அதாவது அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறையின் செய்திகள் மட்டும். யார் யாரை அழைக்கிறார், எடுத்தாயிற்றா, வைத்தாயிற்றா என்பதோடு அதன் வேலை முடிகிறது. குரல் ஆர்டிபி என்ற நெறிமுறையின் பாக்கெட்டுகளாக வேறொரு யுடிபி (ஒப்புகைக்குக் காத்திராமல் தரவை அனுப்பும் முறை) போர்ட்டில் பயணிக்கிறது. எந்த போர்ட் என்பது ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்திலும் புதிதாக முடிவாகும். ஆஸ்டரிஸ்க்கின் மாதிரி அமைப்புக் கோப்பில் அதற்கான எல்லை 10000 முதல் 20000 வரை. இதேபோன்ற இன்னொரு மென்பொருளான ஃப்ரீஸ்விட்ச்சில் 16384 முதல் 32768 வரை. அந்தக் கோப்பில் உள்ள எல்லையும் ஃபயர்வாலில் உள்ள எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், சில அழைப்புகளில் குரல் கேட்கும், சிலவற்றில் கேட்காது. சர்வர் அந்த எல்லைக்குள் ஏதோ ஒரு போர்ட்டை எடுப்பதால் வரும் வினை இது. முழுதாகப் பழுதான சர்வரைச் சரிசெய்துவிடலாம். இந்த அரைகுறைப் பழுதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "எதற்கும் இருக்கட்டும்" என்று 10000 முதல் 20000 வரை டிசிபி (இணைப்பை உறுதிசெய்து தரவை அனுப்பும் முறை), யுடிபி இரண்டையும் திறந்து வைப்பது. ஆர்டிபிக்கு யுடிபி போதும். சர்வரை நிர்வகிக்கப் பலர் வைத்திருக்கும் வெப்மின் இயல்பாகக் காத்திருக்கும் இடம் டிசிபி 10000. குரலுக்கு வழிவிடுவதாக நினைத்து நிர்வாகப் பக்கத்தை ஊருக்கே திறந்துவிட்டிருப்பார்கள்.

பத்தாயிரம் போர்ட் சிறிய அலுவலகத்துக்குத் தேவையும் இல்லை. குரல் சர்வர் வழியாகப் போகும்போது ஓர் அழைப்புக்கு இரண்டு பக்கம். பக்கத்துக்கு ஆர்டிபிக்கு ஒன்று, குரலின் தரத்தைக் கண்காணிக்கும் ஆர்டிசிபிக்கு ஒன்று என்று இரண்டு போர்ட். ஆக, ஒரே நேரத்தில் 20 அழைப்புகள் என்றால் 80 போர்ட். 10000 முதல் 10200 வரை தாராளம்.

எல்லாம் சரியாகத் திறந்தும் குரல் ஒருபக்கமாகவே இருந்தால், ஃபயர்வாலை விட்டுவிட்டு முகவரியைப் பாருங்கள். கிளவுட் சர்வர்களில் பல, தமக்கு 10 அல்லது 172 என்று தொடங்கும் உள் முகவரி மட்டுமே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். "குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று அதையே எதிர்முனைக்கும் சொல்லும். இணையத்தில் அந்த முகவரிக்கு எதுவும் போய்ச் சேராது. ஆஸ்டரிஸ்க்கில் எஸ்ஐபியைக் கையாளும் பகுதியான பிஜேசிப்பின் அமைப்பில் வெளி முகவரியைச் செய்திகளுக்கும் குரலுக்கும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். உள் வலையமைப்பு எது என்பதையும் சொல்ல வேண்டும். சரியாக 32 நொடியில் அழைப்பு அறுந்தால் அதுவும் பெரும்பாலும் இதே நோய்தான். அழைப்பை ஏற்றதாகச் சொன்ன பிறகு ஒப்புகைக்காக சர்வர் காத்திருக்கும். எஸ்ஐபி விதிப்படி அந்தக் காத்திருப்பு அரை நொடியின் 64 மடங்கு. தவறான முகவரிக்குப் போன ஒப்புகை வந்து சேராததால் சர்வர் அழைப்பைத் துண்டித்துவிடுகிறது. கூடவே, அலுவலக ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுகிறேன் என்று வந்து பாக்கெட்டின் உள்ளே கைவைத்துக் கெடுப்பதே அதன் வழக்கம்.

ஃபயர்வால் ஒன்றல்ல, இரண்டு என்பதையும் மறந்துவிடுகிறார்கள். கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒன்று, சர்வருக்குள் யுஎஃப்டபிள்யூ போன்றது இன்னொன்று. இரண்டிலும் திறக்க வேண்டும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கான 22ஐ அனுமதிக்காமல் யுஎஃப்டபிள்யூவை இயக்கிவிட்டு வெளியே நிற்பவர்கள் தனி ரகம். மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து இயக்கும் டாக்கரில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூவின் தடையைத் தாண்டியே போகும்.

பணத்தில் கைவைக்கும் தவறு, 5060ஐ உலகம் முழுவதற்கும் திறப்பது. ஆஸ்டரிஸ்க் பதிவேட்டில் "ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்" என்ற பெயர் தென்பட்டால் நட்பு என்று நம்பிவிடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் எண்களையும் கடவுச்சொற்களையும் தேடி அலையும் கருவி அது. 100 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு 100 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால், அலுவலகம் பூட்டிக் கிடக்கும் நேரத்தில் உங்கள் கணக்கில் வெளிநாட்டுக் கட்டண எண்களுக்கு அழைப்புகள் பறக்கும். டிரங்க் (வெளி அழைப்புகளுக்கான இணைப்பு) தரும் நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும் 5060ஐத் திறவுங்கள். வெளியிலிருந்து வேலை செய்பவர்களை வயர்கார்ட் போன்ற விபிஎன் வழியாக வரச் சொல்லுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த நிறுவனத்தின் குரல் வேறு முகவரியிலிருந்து வரக்கூடும். ஆர்டிபியையும் அதே பட்டியலுக்குள் அடைத்தால் மீண்டும் மௌனம்தான்.

5060ஐ வேறு எண்ணுக்கு மாற்றினால் பதிவேட்டில் இரைச்சல் குறையும், பாதுகாப்பு கூடிவிடாது. தவறான கடவுச்சொல்லோடு மீண்டும் மீண்டும் முயலும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் அவசியம்தான். ஆனால் உங்கள் அலுவலக முகவரியை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு தொலைபேசியில் பழைய கடவுச்சொல் இருந்தாலே மொத்த அலுவலகமும் ஊமையாகிவிடும்.

வெளியே திறக்கவே கூடாதவை: ஆஸ்டரிஸ்க் மேலாண்மை இடைமுகத்தின் 5038, தரவுத்தளமான மைசீக்வலின் 3306, ஃப்ரீஸ்விட்ச்சைக் கட்டுப்படுத்தும் 8021, எல்லாவற்றுக்கும் மேலாக நிர்வாக இணையப் பக்கம். 2025 ஆகஸ்டில், ஆஸ்டரிஸ்க்கை இணையப் பக்கம் வழியாக நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ்ஸில் வெளிப்பட்ட ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. நிர்வாகப் பக்கம் இணையத்துக்குத் திறந்திருந்த சர்வர்கள்தான் அகப்பட்டுக்கொண்டன.

கடைசியாகச் சோதனை. டெல்நெட் கொண்டு யுடிபி போர்ட்டைச் சோதிக்க முடியாது. அது டிசிபிக்கு மட்டுமானது. போர்ட்டுகளைச் சோதிக்கும் கருவியான என்மேப்பும் யுடிபி விஷயத்தில் பல நேரம் "திறந்திருக்கலாம், தடுக்கப்பட்டிருக்கலாம்" என்றுதான் மழுப்பும். உண்மையான அழைப்பு ஒன்றைப் போட்டு, வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பாருங்கள். ஆனால் அதில் பாக்கெட் தெரிவதாலேயே ஃபயர்வாலைக் கடந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. உள்ளே வரும் பாக்கெட்டை சர்வரின் ஃபயர்வால் தடுப்பதற்கு முன்பே டிசிபிடம்ப் பார்த்துவிடும். எனவே ஆஸ்டரிஸ்க் கன்சோலில் குரல் பாக்கெட்டுகளைக் காட்டும் ஆர்டிபி டீபக்கையும் இயக்கி வையுங்கள். டிசிபிடம்ப்பில் தெரிந்து கன்சோலில் தெரியாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வாலை. இரண்டிலுமே தெரியாவிட்டால் கிளவுட் பலகைக்குப் போங்கள். அங்கும் விதி சரியாக இருந்தால், எதிர்முனைக்கு எந்த முகவரியைக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.