பூ விலையும் அலை எச்சரிக்கையும்: வெப் ஆப் அறிவிப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை ஏறினால் வியாபாரியின் போனுக்கு ஓர் அறிவிப்பு. குளச்சல் பக்கம் அலை எழும் என்றால் மீனவரின் போனுக்கு ஓர் அறிவிப்பு. இரண்டையும் பிளே ஸ்டோர் பக்கமே போகாமல், பிரவுசர் வழியாக வெப் புஷ்ஷில் அனுப்பலாம். நம் குமரி மாவட்டத்தில் கடைகளுக்கும் ஊர் அமைப்புகளுக்கும் வெப் ஆப் செய்து கொடுப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஓர் அறிவிப்பு சத்தம் போட வேண்டுமா, பழையதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் வர வேண்டுமா, எவ்வளவு நேரத்தில் காலாவதியாக வேண்டும் என்பதையெல்லாம் அனுப்புகிறவரே சொல்லிவிட முடியும். பலர் தலைப்பையும் வாசகத்தையும் மட்டும் நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் பயனர் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார். முக்கியமான எச்சரிக்கையும் அதோடு போய்விடுகிறது.

முதல் தவறு, பக்கம் திறந்த உடனேயே அனுமதி கேட்பது. ஃபயர்ஃபாக்ஸ் 72-இலிருந்து (2020 ஜனவரி) பயனர் எதையாவது தொடாமல் அந்தக் கேள்வி முன்னால் வருவதில்லை. சஃபாரியும் அப்படித்தான். குரோமும் அதே ஆண்டில் 80-ஆம் பதிப்பில் அடக்கமான கேள்விமுறையைக் கொண்டுவந்தது. பயனர் ஒருமுறை ‘வேண்டாம்’ என்று தடுத்துவிட்டால் உங்கள் தளம் மறுபடி கேட்க முடியாது. அவரே செட்டிங்ஸுக்குள் போய் மாற்ற வேண்டும். ஆகவே ‘பிச்சி விலை மாறினால் சொல்லு’ என்று ஒரு பொத்தான் வையுங்கள், அதை அழுத்திய பிறகு கேளுங்கள். ஐபோன் வைத்திருப்பவருக்கு இன்னொரு படியும் உண்டு. ஐஓஎஸ் 16.4 (2023 மார்ச்) முதல்தான் வெப் புஷ் வேலை செய்கிறது, அதுவும் தளத்தை ஹோம் ஸ்கிரீனில் சேர்த்திருந்தால் மட்டும்.

அடுத்தது ஆயுள். நம் கடற்கரைக்கு இதைவிட முக்கியமான அமைப்பு எதுவும் இல்லை என்பேன். ஒவ்வொரு புஷ் செய்தியும் டிடிஎல் என்ற ஒரு கால அளவோடு போகும், விநாடிக் கணக்கில். போன் தொடர்பில் இல்லாவிட்டால் புஷ் சர்வர் (உங்கள் செய்தியை வாங்கிப் போனுக்குச் சேர்க்கும் இடைச் சர்வர்) அதுவரை செய்தியை வைத்திருக்கும். நோட் ஜேஎஸ்ஸில் பலரும் பயன்படுத்தும் வெப்-புஷ் நூலகத்தில் இதை நீங்கள் குறிப்பிடாவிட்டால் தானாக 24,19,200 விநாடி, அதாவது நான்கு வாரம், ஆகிவிடும். தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பப் பல நாள் ஆகும். கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே டவர் போய்விடும். கரை நெருங்கிச் சிக்னல் கிடைத்ததும், போன வாரத்து அலை எச்சரிக்கை, அதற்கு முந்தைய காற்று எச்சரிக்கை எல்லாம் ஒன்றாக வந்து விழும். அதில் இன்றைக்கு உரியது எது என்று எப்படித் தேடுவார்?

வழி எளிது. கள்ளக்கடல் (தூரக் கடலில் எழுந்து திடீரென்று கரையில் ஏறும் அலை) எச்சரிக்கையோ உயர் அலை எச்சரிக்கையோ இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடும்போது எத்தனை மணி வரை என்ற நேரமும் அதில் இருக்கும். அந்த நேரத்திற்கு மீதியிருக்கும் விநாடிகள்தான் டிடிஎல். கூடவே ஒரே வகைச் செய்திகளுக்கு ‘டாபிக்’ என்ற ஹெடரில் ஒரே பெயரைக் கொடுத்தால், சேராமல் காத்திருக்கும் பழைய செய்தியைப் புஷ் சர்வரே நீக்கிப் புதியதை வைத்துக்கொள்ளும். ‘அர்ஜென்சி’ என்று அவசரத்தைக் குறிக்க நான்கு நிலைகள் உண்டு. மிக உயர்ந்த நிலையைக் கடல் எச்சரிக்கைக்கு மட்டும் வையுங்கள், பூ விலைக்கு வேண்டாம். ஆனால் ஒன்று: 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் அடித்தபோது ஏராளமானோர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். அந்தத் தூரத்திற்கு இணையம் எட்டாது. வெப் புஷ் புறப்படுமுன் கரையில் பார்ப்பதற்கானது. படகில் இருக்கும் வயர்லெஸ்ஸுக்கு அது மாற்று என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் ‘டேக்’, அறிவிப்புக்கு நீங்கள் வைக்கும் ஓர் அடையாளப் பெயர். டாபிக் சர்வரில் செய்யும் வேலையை டேக் போனில் செய்கிறது. ஓணம் நேரத்தில் பூ விலை ஒரே காலையில் பலமுறை மாறும். ஒவ்வொரு மாற்றத்தையும் தனி அறிவிப்பாக அனுப்பினால் திரை நிரம்பிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே டேக் கொடுத்தால் புதிய விலை பழைய விலை இருந்த இடத்திலேயே சத்தமில்லாமல் வந்துவிடும். எச்சரிக்கை கடுமையாகும்போது மட்டும் ‘ரீநோட்டிஃபை’யைச் சேருங்கள், அதே இடத்தில் மாறினாலும் மறுபடி ஒலிக்கும். டேக் இல்லாமல் ரீநோட்டிஃபை மட்டும் போட்டால் பிழை வரும். சத்தம் வேண்டாம் என்னும் ‘சைலன்ட்’டையும் அதிரச் சொல்லும் ‘வைப்ரேட்’டையும் சேர்த்துப் போட்டாலும் அப்படியே.

ஒலியைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம். ‘சவுண்ட்’ என்று ஒரு பண்பு பழைய பயிற்சிக் குறிப்புகளில் இருக்கிறது, ஆனால் எந்தப் பிரவுசரும் அதைச் செயல்படுத்தவில்லை. ஆண்ட்ராய்டு 8 முதல் ஒலியும் அதிர்வும் ‘சேனல்’ என்ற அமைப்பின் கீழ் பயனர் கையில் இருக்கின்றன. குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சேனலைத்தான் கொடுக்கிறது. சரி, இதனால் என்ன ஆகும்? பூ விலையும் மீன் ஏல விலையும் அலை எச்சரிக்கையும் ஒரே தளத்திலிருந்து போனால், அதிகாலை விலைச் சத்தம் தாங்காமல் ஒருவர் அந்தச் சேனலை மௌனமாக்கும்போது எச்சரிக்கையும் மௌனமாகிவிடும். கோட் எழுதி இதைத் தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது; போன் அவருடையது. நீங்கள் செய்யக்கூடியது, எச்சரிக்கையைத் தனி சப்டொமைனில் (உங்கள் தள முகவரிக்கு முன்னால் இன்னொரு பெயர் சேர்த்த முகவரி) வைத்துத் தனி அனுமதி வாங்குவது. பிரவுசருக்கு அது வேறு தளம். இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும் என்று தயங்குகிறவர்கள் உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தக் கூடுதல் கேள்வி தகும்.

‘ரிக்வயர் இன்டராக்ஷன்’ போட்டால் அறிவிப்பு நகராமல் நிற்கும் என்று நம்பி எல்லாவற்றிலும் போடுகிறார்கள். அதன் பலன் கம்ப்யூட்டர் திரையில்தான்.

எதுவும் காட்டாமல் பின்னணியில் தரவு மட்டும் எடுக்கப் புஷ்ஷைப் பயன்படுத்துவதும் ஆகாது. குரோம் தானே ‘இந்தத் தளம் பின்னணியில் புதுப்பிக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு பொது அறிவிப்பைக் காட்டிவிடும். சஃபாரி அனுமதியையே பறித்துவிடும்.

வாசகத்தில் ‘அன்பார்ந்த மீனவ நண்பர்களே’ என்று தொடங்காதீர்கள். பூட்டிய திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும். ‘முட்டம்–குளச்சல்: இன்று இரவு 11.30 வரை உயர் அலை’ என்று ஊரும் நேரமும் முதலில் வரட்டும். தொட்டால் முகப்புப் பக்கம் திறக்காமல் அந்த எச்சரிக்கையின் பக்கமே திறக்கட்டும். நிறுத்த விரும்புகிறவருக்கு ஆப்புக்குள்ளேயே ஒரு பொத்தான் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் செட்டிங்ஸில் போய் மொத்தமாக அடைத்துவிடுவார். அனுப்பும்போது புஷ் சர்வர் 404 அல்லது 410 என்று பதில் சொன்னால் அந்தச் சந்தா இனி இல்லை என்று அர்த்தம், தரவுத்தளத்திலிருந்து உடனே நீக்கிவிடுங்கள்.