உவமை சொன்னால் நிரூபணம் ஆகிவிடுமா?

விவாதத்தில் உவமை வருவதே தப்பில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றை வைத்துத்தான் நாம் யோசிக்கவே தொடங்குகிறோம். உவமை கச்சிதமாக இருக்கிறதே என்று அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் வம்பு.

1954 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க அதிபர் ஐசனாவர் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அடங்கிய இந்தோசீனாவைப் பற்றிச் செய்தியாளர்களிடம் பேசும்போது, வரிசையாக நிறுத்திய டோமினோ கட்டைகளில் முதலாவதைத் தட்டினால் கடைசியும் சீக்கிரமே விழுந்துவிடும் என்றார். ஒரு நாடு கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனால் அடுத்தடுத்த நாடுகளும் போய்விடும் என்பது கணக்கு. அந்தக் கட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: எல்லாம் ஒரே அச்சு, தனக்கென்று விருப்பு வெறுப்பு கிடையாது, பக்கத்துக் கட்டை இடித்தால் விழுவதைத் தவிர வேறு வேலை இல்லை. நாடுகளும் இப்படித்தானா என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை, உவமையோடு சேர்ந்து அதுவும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. 1975இல் தெற்கு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றும் போயின; தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் போகவில்லை. சரி, விழுந்தவையாவது ஒரே பக்கம் சாய்ந்தனவா? 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படையை அனுப்பியது, 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமைத் தாக்கியது. கட்டைகள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் என்று எந்த விளையாட்டில் இருக்கிறது!

வியட்நாமில் அமெரிக்கா போர் நடத்தியதால்தான் மற்ற நாடுகளுக்கு அவகாசம் கிடைத்தது என்று சிங்கப்பூரின் பிரதமராக இருந்த லீ குவான் யூ வாதிட்டார். ஒதுக்கித் தள்ள முடியாத வாதம்தான், ஆனால் அதைச் சோதிக்க அந்தந்த நாட்டின் அரசியலைத்தான் பார்க்க வேண்டும், கட்டையை அல்ல. விழுந்தால் ‘அப்போதே சொன்னோமே’, விழாவிட்டால் ‘நாங்கள்தான் தாங்கிப் பிடித்தோம்’ என்று இரண்டு பக்கமும் ஜெயிக்கிற உவமையைக் கண்டால் உஷாராகிவிடுங்கள்.

உவமையே கூடாது என்று தடை போடுவதும் வேலைக்கு ஆகாது, அப்படிச் சொல்பவரே அடுத்த வாக்கியத்தில் ஒன்றைச் சொல்வார்.

அப்புறம் நாம் செய்கிற இன்னொரு தப்பு, எதிராளியின் உவமைக்குள்ளேயே நின்று மல்லுக்கட்டுவது. குடும்பம் மாதிரி அரசும் வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னதும், ‘குடும்பமும்தான் வீட்டுக் கடன் வாங்குகிறது’ என்று பதிலடி கொடுப்போம். கைதட்டல் கிடைக்கும், ஆனால் அரசும் குடும்பமும் ஒன்றுதானா என்ற கேள்வியை நாமே விட்டுக்கொடுத்தாயிற்று. குடும்பம் வரி போடாது, ரூபாய் நோட்டும் அடிக்காது. இதில் ஒரு சிக்கல், நோட்டடிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கும் கிடையாது, அதனால் ஒன்றிய அரசைவிட மாநிலத்துக்கு இந்த உவமை கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். ஆகவே, எந்த அரசின் கடனைப் பற்றிப் பேச்சு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.