"கேன் ஏபிள் டு"வ முதல்ல விடுங்க

என் முதல் இன்டர்வியூல நான் சொன்ன முதல் வரியே "ஐ கேன் ஏபிள் டு ஹேண்டில் ப்ரெஷர்". எதிர்ல இருந்தவர் சிரிக்கக்கூட இல்ல, பேப்பர்ல ஏதோ கிறுக்கிக்கிட்டார், அவ்ளோதான். கேன்னாலும் முடியும்தான், ஏபிள் டுன்னாலும் முடியும்தான், ரெண்டையும் சேர்த்தா "என்னால முடியும் முடியும்"னு சொன்ன மாதிரி. "ஐ கேன் ஹேண்டில்", இல்லன்னா "ஐ ஆம் ஏபிள் டு ஹேண்டில்", ஒண்ணு போதும்.

கேன், குட், வில், வுட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட், இந்த ஒன்பதும் ஒரே ஜாதி. நம்ம தமிழ்லயே பாருங்க, என்னால முடியும், அவனால முடியும், அவங்களால முடியும், ஆள் மாறுது, "முடியும்" மாறுதா? போகணும், போகலாம், போகக்கூடாது எல்லாமே அப்படித்தான். அதனால "ஹி கேன்ஸ்" கிடையாது. பின்னாடி வர்ற வினைச்சொல்லும் மொட்டையா நிக்கணும், "ஷி மஸ்ட் கோஸ்", "ஷி மஸ்ட் டு கோ" ரெண்டும் தப்பு, "ஷி மஸ்ட் கோ"தான்.

நிஜமாவே வம்புல மாட்டி விடறது மஸ்ட் நாட். ஒரு தடவ டீம் லீடுக்கு "யூ மஸ்ட் நாட் கம் ஆன் சாட்டர்டே"ன்னு மெசேஜ் தட்டிட்டேன், பாவம் லீவு நாள்ல எதுக்கு அலையணும்ங்கிற நல்லெண்ணத்துல. "ஒய் நாட்?"னு ரிப்ளை வந்துச்சு. மஸ்ட் நாட்னா வரக்கூடாது, தடை. நான் சொல்ல வந்தது வரணும்னு அவசியமில்ல, அதுக்கு "யூ டோன்ட் ஹேவ் டு கம்". தமிழ்ல "வர வேண்டாம்" ரெண்டுக்கும் ஓடிடும், குழப்பமே அங்கதான். "கூடாது"வா "அவசியமில்ல"யான்னு மனசுல பிரிச்சுக்கிட்டு அப்புறம் டைப் பண்ணுங்க.

வுட் போட்டா மரியாதைன்னு ஒரு நினைப்பு வேற. கேக்கும்போது சரி, "வுட் யூ ஹெல்ப் மீ?". ஆனா நாளைக்கு கண்டிப்பா வர்றவங்க "ஐ வுட் கம் டுமாரோ"ன்னா "வருவேன்தான், ஆனா..."ன்னு இழுக்கற மாதிரி கேக்கும். "ஐ வில் கம்"னு சொல்லுங்க.

நடந்து முடிஞ்ச கதைக்கு ஹேவ் சேர்க்கணும். கூப்பிட்டிருக்கணும்னா "ஷுட் ஹேவ் கால்டு", கூப்பிட்டிருக்கலாம்னா "குட் ஹேவ் கால்டு". வேகமா பேசினா ஹேவ் "ஆஃப்" (of) மாதிரி காதுல விழும், அதை நம்பி "ஷுட் ஆஃப்"னு எழுதிடாதீங்க, இங்கிலீஷே தாய்மொழியா இருக்கறவங்களும் இதுல வழுக்குவாங்க.