‘பெண்களே இப்படித்தான்’ என்று எழுத வரும்போது

வேலையிலிருந்து வந்த பிறகும் சமையல், பாத்திரம், பிள்ளைகளின் பாடம் எல்லாம் தன் தலையில்தான் விழுகிறது என்று ஒரு பெண் இணையத்தில் எழுதியிருந்தார். அதற்கு நான், ‘பெண்களே இப்படித்தான், எதற்கெடுத்தாலும் புலம்பல்’ என்று போட்டேன். ராத்திரி அக்கா போன் செய்தாள். “இந்தப் பெண்கள்ல நானும் சேர்த்தியாடா?” அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு வாயே எழவில்லை. அதற்கப்புறம் பழகிக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பன்மையைப் பாருங்கள். அனுப்பும் முன், எழுதியதில் ‘ஆண்கள்’, ‘பெண்கள்’, ‘இவங்க எல்லாருமே’ எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதை எடுத்துவிட்டு, அந்த ஒருவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள். ‘ஆண்கள் எல்லாரும் சுயநலக்காரர்கள்’ என்பது, ‘குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அம்மாதான் லீவு போடவேண்டும் என்றீர்களே, அது எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று மாறும். முன்னதற்குத் திட்டுதான் திரும்பி வரும். பின்னதற்கு அவர் யோசித்தாக வேண்டும். மாற்றி எழுத உட்காரும்போது, அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று தெரிந்துபோவதும் உண்டு.

அடுத்தது மரியாதை. ‘நீங்கள்’ எந்த வரியில் ‘நீ’ ஆனது, ‘அவர்’ எந்த வரியில் ‘அவள்’ ஆனது என்று பாருங்கள். சண்டை பிடித்த இடம் அதுதான். ‘டா’, ‘டி’ வந்துவிட்டால் விஷயம் செத்துப்போச்சு. எதிரில் இருப்பவர் இறங்கினாலும் நீங்கள் ‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். இது கஷ்டம்தான், ஆனால் பலன் உண்டு.

கோபம் தலைக்கேறியிருந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். முகம் தெரியாத, உடனே பதில் வராத இடத்தில் மனிதர்களுக்குக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது என்று உளவியலாளர் ஜான் சூலர் 2004-லேயே எழுதினார். கடுமையான பதிலை அனுப்பப் போகிறவர்களிடம் ‘ஒருமுறை பாருங்கள்’ என்று ட்விட்டர் காட்டியபோது, 34 சதவீதம் பேர் அதைத் திருத்தினார்கள் அல்லது அனுப்பாமலே விட்டார்கள். 2021-இல் அந்த நிறுவனமே சொன்ன கணக்கு இது. ஒரு நிமிஷம் போதும்.

ஆண்களுக்கு ஒன்று: ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொல்லும் இடத்தில் ‘எங்களுக்கும்தான் நடக்கிறது’ என்று நுழையாதீர்கள். நடக்கிறது, உண்மைதான். ஆனால் அதைத் தனியாக எழுதுங்கள். அங்கே வந்து ‘ஆம்பளைக்கு என்ன கஷ்டம்’ என்று யாரும் சிரிக்கவும் கூடாது. பொதுவில் தொடங்கிய வாக்குவாதத்தை முன்பின் தெரியாத பெண்ணின் இன்பாக்ஸுக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள்.

மிரட்டல், ஆபாசம் வந்தால் இதெல்லாம் செல்லாது. அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. கணக்கின் பெயரும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், லிங்க்கைச் சேமியுங்கள், ரிப்போர்ட் செய்யுங்கள், கடைசியில் பிளாக். முதலிலேயே பிளாக் செய்தால் ஆதாரத்தைத் தேடி எடுப்பது சிரமமாகிவிடும்.

தப்பு உங்களுடையது என்றால், எழுதிய இடத்திலேயே மன்னிப்புக் கேளுங்கள். ‘உங்கள் மனம் புண்பட்டிருந்தால்’ என்ற ‘இருந்தால்’ வேண்டாம். நான் எழுதியது: ‘உங்களைப் புலம்புகிறீர்கள் என்றேன். அது தப்பு. மன்னியுங்கள்.’ அவர் பதில் போடவில்லை. நானும் கேட்கவில்லை.