கையை எடுத்தால் ரோபோ நிற்கிறதா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் நெற்களத்தில், அறுவடை இல்லாத மாலைகளில் பிள்ளைகள் இருசக்கர ரோபோவைக் கேம் கன்ட்ரோலரால் ஓட்டிப் பழகுகிறார்கள். எப்படி வேகமாக ஓட்டுவது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, கையை எடுத்தால் நிற்கிறதா என்பதை.

ஒருநாள் கன்ட்ரோலரில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கடைசியாக வந்த கட்டளை ‘முன்னே போ’. ரோபோ அதையே பிடித்துக்கொண்டு களத்து விளிம்பைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தது. இணைப்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் அதற்குச் சொல்லவே இல்லை. அரை நொடிக்குச் செய்தி வராவிட்டால் மோட்டார்கள் நிற்க வேண்டும் என்று நிரலில் எழுதுங்கள். ஜாய்ஸ்டிக் அசையாதவரை செய்தி அனுப்பாத கன்ட்ரோலர்களும் உண்டு. அவற்றில் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதையே சோதிக்க வேண்டும். ரோபோவைச் செங்கல் மேல் ஏற்றி, சக்கரம் சுழலும்போதே கன்ட்ரோலரை அணைத்துப் பாருங்கள். நின்றால் மட்டும் தரையில் இறக்குங்கள்.

விட்ட ஜாய்ஸ்டிக் சரியாக நடுவில் நிற்கும் என்று நம்புவதும் தவறு. 0 முதல் 255 வரை எண் தரும் கன்ட்ரோலரில் நடு என்பது 127 அல்லது 128. தேய்ந்துபோனது 120 காட்டும், 134 காட்டும். இறக்கிய மதகின் அடியில் தண்ணீர் கசிவதில்லையா, அப்படித்தான். நடுவுக்கு இருபுறமும் பத்துப் பதினைந்து எண்களைச் சுழியாகவே கொள்ளுங்கள். அந்த எல்லையைத் தாண்டியதும், மோட்டார் உண்மையில் சுழலத் தொடங்கும் அளவிலிருந்து வேகத்தைக் கொடுங்கள். அதற்குக் கீழே மஞ்சள் நிறச் சிறு மோட்டார்கள் முனகுமே தவிர நகராது.

திருப்பத்தைச் சொல்லித்தர மாட்டு வண்டியே போதும். இடப்பக்கம் திரும்ப இட மாட்டை இழுத்துப் பிடித்து வல மாட்டை விரட்டுவார்கள். வலத் திருப்பத்தை நேர்ம எண்ணாகவும் இடத் திருப்பத்தை எதிர்ம எண்ணாகவும் கொண்டு, இடச் சக்கரத்துக்கு முன்வேகத்தோடு திருப்பத்தைக் கூட்டுங்கள், வலச் சக்கரத்துக்குக் கழியுங்கள். விடை மோட்டாரின் உச்ச வேக எண்ணான 255-ஐத் தாண்டும்போது மிஞ்சியதை வெட்டினால் முழு வேகத்தில் திருப்பம் மழுங்கிவிடும். இரண்டு சக்கரத்தையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள். ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளினால் பல நிரல்களில் எதிர்ம எண் வரும். இது தெரியாமல் ஒயர்களைப் பிடுங்கி மாற்றுபவர்கள் அதிகம்.

கிளம்பும் நொடியில் மோட்டார்கள் இழுக்கும் மின்சாரத்தால், நிரலை இயக்கும் மின்சுற்றுப் பலகை அணைந்து மறுபடி தொடங்கும், புளூடூத் அறுபடும், பழி கன்ட்ரோலர் மேல் விழும். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள். மோட்டார் பேட்டரி, பலகையின் பேட்டரி இரண்டின் எதிர்மின் முனை (–) ஒயர்களை மட்டும் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் பழைய வகைப் புளூடூத்தில் பேசும், பிள்ளைகள் நிரல் பழகும் மைக்ரோபிட் பலகைக்குக் குறைமின் வகைப் புளூடூத் (BLE) மட்டுமே தெரியும். இரண்டும் நேரடியாக இணையாது. வாங்கும் முன்பே கேளுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு இன்னொன்றும் செய்கிறேன். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால்தான் ரோபோ நகரும். கன்ட்ரோலர் கைநழுவிக் கீழே விழுந்து, ஜாய்ஸ்டிக் தரையில் அழுந்திக் கிடந்தாலும், அது இருந்த இடத்திலேயே நிற்கிறது.