மொத்த உள்நாட்டு உற்பத்தி கணக்குல ஒண்டையே ரெண்டு தரம் கூட்டாம இருக்க

உயர்தரத்துல பொருளியல் செய்யிற ஆக்கள் அனேகமா சறுக்குறது இரட்டைக் கணிப்புலதான், அதாவது ஒரே பெறுமதிய ரெண்டு தரம் கூட்டிடுறது. எங்கட சீனக்குடா மா மில்லையே எடுங்கோ, இறக்குமதி கோதுமை 60 ரூபா, மாவாகி பேக்கறிக்கு 100க்கு போகுது, பேக்கறி பாண் போட்டு 150க்கு விக்குது எண்டு வைப்பம், விலையெல்லாம் சும்மா கணக்குக்குத்தான். மூண்டையும் கூட்டிராதைங்கோ, மா விலைக்குள்ள கோதுமை விலையும் பாண் விலைக்குள்ள மா விலையும் ஏற்கனவே இருக்கு. வித்த விலையில மூலப்பொருள் விலைய கழியுங்கோ, மில் 40, பேக்கறி 50, ஆக 90தான் உற்பத்திக் கணக்குல சேரும். கரண்ட், டீசலையும் கழிக்கோணும், இப்ப விடுவம். சரிபாக்க 150ல இறக்குமதி 60ஐ கழிச்சு பாருங்கோ, அதே 90 வரோணும். அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும உதவிக் காசு இதுக்குள்ள வராது, அது மாற்றல் கொடுப்பனவு, அதாவது பதிலுக்கு ஒண்டும் உற்பத்தி செய்யாம கிடைக்கிற காசு, ஆனா அந்த காசுல மூதூர்ல ஆரும் பாண் வாங்கினா அது நுகர்வுல வரும், சோதனைப் பேப்பர்ல இதைத்தான் சுத்தி வளைச்சு கேப்பினம்.